முக்கோண அலையில் தாளம்: இரண்டு ஆவர்த்தன பேஸ் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பழைய விளையாட்டுக் கருவிகளின் ஒலிச் சிப்புகளைக் கொண்டு உருவாகும் சிப்டியூன் இசையில் பேஸ், அதாவது கீழ் ஸ்தாயிப் பகுதி, தொய்வாக ஒலிக்கிறது என்ற குறை எழும்போது, பெரும்பாலோர் முதலில் ஸ்வரங்களை மாற்றிப் பார்க்கிறார்கள். பிறகு டெம்போவைக் கூட்டுகிறார்கள். அதுவும் கைகொடுக்காவிட்டால் இன்னொரு சேனலைச் சேர்த்து ஒலியைக் கனமாக்குகிறார்கள். இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கோப்பில் இவற்றில் எதையும் தொடுவதற்கு முன்பே குறையின் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. ஸ்வரங்கள் தொடங்கும் இடங்களை அப்படியே விட்டுவிட்டு, அவை முடியும் இடங்களை மட்டும் டிக் என்ற மிகச் சிறிய கால அலகின் கணக்கில் எழுதினோம். ஸ்வரங்களை வரிசை வரிசையாக இட்டு இசை எழுதும் மென்பொருளான டிராக்கரில் பேஸின் தாளத்தை எழுதுவது என்பது பெருமளவு ஸ்வரத்தின் முடிவை எழுதுவதே என்று நான் நினைப்பதால், அந்த வேலையைப் படிப்படியாகப் பதிவுசெய்கிறேன்.

கோப்பு ஃபாமிட்ராக்கர் என்ற டிராக்கரில் எழுதப்பட்டது; ஒரு சிறு விளையாட்டின் பின்னணி இசைக்கானது. அதை எழுதிய இசையமைப்பாளர் வேறு எந்தக் கூடுதல் ஒலிச் சிப்பும் இல்லாமல் நின்டென்டோவின் என்ஈஎஸ் விளையாட்டுக் கன்சோலில் உள்ள 2ஏ03 சிப்பை மட்டும் பயன்படுத்தியிருந்தார். அந்தச் சிப்பில் இரண்டு பல்ஸ் (சதுர வடிவ அலை) சேனல்கள், ஒரு முக்கோண அலைச் சேனல், ஒரு நாய்ஸ் (இரைச்சல்) சேனல், சாம்பிள்களுக்கான (பதிவுசெய்த ஒலித்துண்டுகளுக்கான) ஒரு டிபிசிஎம் சேனல் ஆகிய ஐந்து உள்ளன. முதல் பல்ஸில் மெட்டு, இரண்டாவதில் துணை ஸ்வரங்கள், முக்கோணத்தில் பேஸ், நாய்ஸில் ஹை-ஹாட்டும் ஸ்னேரும் என்று வேலை பிரிக்கப்பட்டிருந்தது. ஏ மைனரில் அமைந்த இரண்டு ஆவர்த்தன பேஸ் பகுதி ஒன்று பாட்டு முழுவதும் திரும்பத் திரும்ப வந்தது. இரண்டாம் ஆவர்த்தனம் முதலாவதன் சிறு மாறுபாடே என்பதால், இங்கே முதல் ஆவர்த்தனத்தையே விரிவாகப் பார்க்கிறேன்.

பேஸுக்கு முக்கோணத்தைத் தேர்ந்ததற்குச் சரியான காரணம் இருந்தது. இரண்டு வகைச் சேனல்களிலும் சுருதியை ஒரு 11-பிட் எண் தீர்மானிக்கிறது. ஆனால் முக்கோண அலை ஒரு சுற்றுக்கு 32 படிகள் எடுத்துக்கொள்வதால், அதே எண்ணுக்கு அது பல்ஸைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது. அமெரிக்க, ஜப்பானிய டிவி முறையான என்டிஎஸ்சிக்குரிய கன்சோலில் பல்ஸால் ஏறக்குறைய 54.6 ஹெர்ட்ஸுக்குக் கீழே போக முடியாது, அதாவது ஏ1 (எண் ஸ்தாயியைக் குறிக்கிறது) அதன் கடைசிக் கீழ் ஸ்வரம். முக்கோணமோ 27.3 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். இந்தப் பாட்டில் ஜி1 தேவைப்பட்டதால் பல்ஸுக்கு இடமே இல்லை. முக்கோணத்துக்கு ஈடாக ஒரு பெரிய இழப்பு உண்டு: அதற்கு ஒலியளவுக் கட்டுப்பாடு கிடையாது. ஒலிக்கும், அல்லது நிற்கும். இடைப்பட்ட நிலை எதுவும் இல்லை. மற்ற கருவிகளில் அழுத்திச் சொல்வதையும் மெல்லச் சொல்வதையும் கொண்டு தாளத்தை உணர்த்தலாம். இங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது.

ஒரு ஆவர்த்தனம் 16 வரிசைகள் கொண்டது. முதல் வரைவில் 0ஆம் வரிசையில் ஏ1, 3இல் ஏ2, 6இல் ஏ1, 8இல் மீண்டும் ஏ1, 11இல் ஈ2, 14இல் ஜி1 என்று ஸ்வரங்கள் வைக்கப்பட்டிருந்தன. இடங்கள் நன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை; மூன்று மூன்றாகத் தாவி நடுவில் பீட்டில் வந்து சேரும் இந்த அமைப்பில் இயல்பாகவே ஓர் அசைவு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்தது வரும்வரை நீண்டுகொண்டிருந்தது. 6ஆம் வரிசையின் ஏ1 முடியாமலே 8ஆம் வரிசையின் ஏ1 தொடங்கியது. ஒரே சுருதி, ஒரே அளவு, இடைவெளி இல்லை; ஆகவே அங்கே இரண்டு ஸ்வரங்கள் இருப்பதே காதுக்குத் தெரியவில்லை. காகிதத்தில் ஆறு ஸ்வரங்கள் இருந்தும், கேட்பவருக்கு ஐந்துதான் கிடைத்தன. அவையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடைத்தன.

வேலைக்கு அடிப்படையான கணக்கு எளிது. ஃபாமிட்ராக்கர் என்டிஎஸ்சி அமைப்பில் நொடிக்கு 60 முறை சிப்புக்குக் கட்டளை அனுப்புகிறது. அந்த ஒவ்வொரு முறையும் ஒரு டிக். வேகம் 6, டெம்போ 150 என்ற இயல்புநிலையில் ஒரு வரிசைக்கு 6 டிக், அதாவது 100 மில்லிநொடி. நான்கு வரிசை ஒரு பீட், ஒரு ஆவர்த்தனத்துக்கு 96 டிக். ஒரு டிக் ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. ஸ்வரத்தின் நீளத்தை இதைவிடச் சிறிய அளவில் வெட்ட முடியாது, ஆனால் தாளத்துக்கு இந்த நுணுக்கம் போதுமானது. வரிசைகளை மட்டுமே அலகாகக் கொண்டு எழுதுபவர் இதில் ஆறில் ஒரு பங்கு நுணுக்கத்தையே பயன்படுத்துகிறார்.

எல்லா ஸ்வரங்களையும் 3 டிக்கில் வெட்டிப் பார்ப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் சோதனை. அப்படிச் செய்தபோது ஏ2 துள்ளலாக ஒலித்தது. ஏ1களும் ஜி1உம் வெறும் தட்டல்களாகச் சுருங்கின. இதற்கான காரணத்தை எண்களில் நேரடியாகப் பார்க்கலாம். ஏ1 என்பது 55 ஹெர்ட்ஸ். அதன் ஒரு சுற்றுக்கு 18.2 மில்லிநொடி ஆகிறது. 3 டிக், அதாவது 50 மில்லிநொடியில், மூன்று சுற்றுகள்கூட முழுமையாக முடிவதில்லை. அவ்வளவு குறுகிய நேரத்தில் சுருதி இன்னது என்று காது உறுதிசெய்ய முடியாததால் அது வெறும் தட்டலாகக் கேட்கிறது. அதே 50 மில்லிநொடியில் 110 ஹெர்ட்ஸ் ஏ2 ஐந்தரைச் சுற்றுகளை முடித்துவிடுகிறது.

எனவே நீளத்தை டிக்குகளில் யோசிப்பதற்கு முன் சுற்றுகளில் யோசித்தோம். இந்தப் பாட்டின் வேகத்தில், ஒரு ஸ்வரம் சுருதியோடும் அதே சமயம் குறுகலாகவும் ஒலிக்க ஏழெட்டுச் சுற்றுகள் வேண்டும் என்று எங்கள் காதுக்குப் பட்டது. அந்த அளவுகோலின்படி ஏ2க்கு 4 டிக் போதும், ஏ1க்கு 8 டிக் வேண்டும், 82.4 ஹெர்ட்ஸ் ஈ2க்கு 6 டிக். 49 ஹெர்ட்ஸ் ஜி1க்கு 10 டிக். டிக் எண்ணிக்கை வெவ்வேறாக இருந்தும் இந்த நான்கும் கேட்பதற்கு ஒரே குடும்பத்துக் குறுகிய ஸ்வரங்களாக இருந்தன. எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே நீளம் வைத்தால் கீழ் ஸ்வரங்கள் நறுக்கென்றும் மேல் ஸ்வரங்கள் இழுவையாகவும் கேட்கும் என்ற உண்மையை டிராக்கர் பாடங்கள் போதிய அளவு வலியுறுத்துவதில்லை என்பது என் வருத்தம்.

வெட்டை எழுதுவதற்கு ஃபாமிட்ராக்கரில் இரண்டு வழிகள் உள்ளன. வரிசையிலேயே எஸ் கட்டளையை இட்டு இத்தனை டிக் கழித்து நிறுத்து என்று சொல்லலாம். அல்லது இன்ஸ்ட்ருமென்ட்டின், அதாவது சேமித்துவைத்த ஒலி அமைப்பின், ஒலியளவு வரிசைத்தொடரில் அந்த நீளத்தை எழுதிவைக்கலாம்: முக்கோணத்துக்கு அளவு கிடையாது என்றாலும், பூஜ்யமல்லாத எந்த எண்ணையும் அது ‘ஒலி’ என்றும் பூஜ்யத்தை ‘நிறுத்து’ என்றும் எடுத்துக்கொள்கிறது. நான்கு முறை 15, பிறகு 0 என்று எழுதினால் 4 டிக் ஸ்வரம் கிடைத்துவிடும். நாங்கள் இரண்டாம் வழியையே தேர்ந்தோம். நீளம் இன்ஸ்ட்ருமென்ட்டோடு போவதால் கட்டளைப் பத்தி வேறு வேலைகளுக்குக் காலியாக இருக்கிறது. வரிசையின் நீளம் மாறினாலும் ஸ்வரத்தின் நீளம் மாறுவதில்லை. பின்னால் ஸ்விங், அதாவது ஒன்றுவிட்ட வரிசைகளைச் சற்றே தாமதிக்கும் அசைவு, சேர்த்தபோது இந்தத் தேர்வின் பயன் தெரிந்தது.

இன்னொரு வசதியும் முக்கோணத்துக்கே உரியது. அதை நிறுத்தும்போது அலை எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் உறைந்து நிற்கிறது, பூஜ்யத்துக்குத் தாவுவதில்லை. ஆகவே இத்தனை வெட்டுகள் இருந்தும் ஒவ்வொரு முடிவிலும் ‘டப்’ என்ற சத்தம் எழவில்லை. பல்ஸ் சேனலில் நிலைமை வேறு: அங்கே சுருதி எண்ணின் மேல் பகுதியை எழுதும் ஒவ்வொரு முறையும் அலை முதலிலிருந்து தொடங்குவதால், சுருதியை வழுக்கி நகர்த்தும்போது சில இடங்களில் சொடுக்குச் சத்தம் கேட்கும்.

அடுத்து வந்தது கிக், அதாவது பெரிய டிரம்மின் அடி. நாய்ஸ் சேனலால் அடிவயிற்றில் இறங்கும் கிக்கைத் தர முடியாது. என்ஈஎஸ் இசையில் அந்த வேலையையும் முக்கோணமே பார்ப்பது நெடுநாள் வழக்கம். மேலிருந்து வேகமாகச் சரியும் சுருதி ஒன்று சில டிக்குகளில் கிக்காகக் கேட்கிறது. ஆனால் பேஸும் அதே சேனலில் இருக்கிறது. கிக்கைச் சேர்த்த முதல் முயற்சியில் அது ஒலிக்கும் வரிசையில் பேஸ் விலகி நின்று, அடுத்த வரிசையில் திரும்பி வந்தது. அதனால் 0ஆம் 8ஆம் வரிசைகளின் ஏ1 இரண்டும் பீட்டில் வராமல் ஒரு வரிசை தள்ளி வந்தன. பாட்டு எப்போதும் பின்தங்கியே ஓடுவதுபோல் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டையும் ஒரே இன்ஸ்ட்ருமென்ட்டாக்கினோம். ஆர்பெஜியோ தொடரில் 24, 17, 10, 4, 0 என்று எழுதினால், ஒவ்வொரு டிக்கிலும் ஸ்வரம் அத்தனை அரை ஸ்வரங்கள் மேலே தொடங்கிக் கீழே இறங்குகிறது. ஏ1இல் வைத்தால் 220 ஹெர்ட்ஸில் புறப்பட்டு, 147, 98, 69 என்று சரிந்து, ஐந்தாம் டிக்கில் 55இல் நிலைகொள்கிறது. முதல் 4 டிக்கில் காது கேட்பது கிக். அதற்குப் பிறகு கேட்பது பேஸ். இடையில் இடைவெளியே இல்லாததால் கிக்கின் வால் எது, பேஸின் தலை எது என்று பிரிக்க முடியவில்லை. நாய்ஸ் சேனலில் அதே வரிசையில் ஒரு டிக் நீளமுள்ள ஒரு கீறலைச் சேர்த்ததும் கிக்குக்குத் தேவையான முனை கிடைத்தது. இந்த இன்ஸ்ட்ருமென்ட்டின் நீளத்தை 14 டிக் என்று வைத்தோம். சரிவுக்கு 4 டிக் போக, 10 டிக் நேரம் ஏ1 நிலையாக ஒலிக்கிறது. அது ஒன்பது சுற்றுகளுக்கு மேல்.

இதே சரிவைச் சுருதித் தொடரிலும் எழுதலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். இயல்புநிலையில் சுருதித் தொடர் சிப்பின் எண்ணை நேரடியாகக் கூட்டிக் கழிப்பதால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முக்கோணத்தில் ஏ1க்கான எண் 1016, இரண்டு ஸ்தாயி மேலுள்ள ஏ3க்கு 253; வித்தியாசம் 763. அதே 763ஐ ஜி1இன் எண்ணான 1140இலிருந்து கழித்தால் 377 வருகிறது. அது ஏறக்குறைய 148 ஹெர்ட்ஸ், அதாவது ஜி1க்கு 19 அரை ஸ்வரங்களே மேலே. ஏ1இல் 24 அரை ஸ்வரம் தாவும் கிக், ஜி1இல் 19தான் தாவும். ஸ்வரத்துக்கு ஸ்வரம் கிக்கின் குணம் மாறிவிடும். பாட்டு வேறு கார்டுக்கு (ஸ்வரக் கூட்டுக்கு) மாறும் பகுதியில் கிக் பலவீனமாகக் கேட்டால் முதலில் இந்த இடத்தைத்தான் சோதிக்க வேண்டும். ஆர்பெஜியோ தொடர் அரை ஸ்வரங்களில் இயங்குவதால் எந்த ஸ்வரத்தில் வைத்தாலும் அதே சரிவைத் தருகிறது.

இத்தனைக்கும் பிறகு அழுத்தம் என்ற பிரச்சினை மிஞ்சியிருந்தது. 6ஆம் வரிசையும் 14ஆம் வரிசையும் அடுத்து வருவதை முன்னறிவிக்கும் இடங்கள். அவற்றுக்குச் சற்றே கூடுதல் எடை தேவைப்பட்டது. அந்த வரிசைகளில் இரண்டாம் பல்ஸ் சேனல் ஓய்வாக இருந்ததால், பேஸுக்கு ஒரு ஸ்தாயி மேலே அதே ஸ்வரத்தை 25 விழுக்காடு ட்யூட்டியில் (சுற்றின் கால் பங்கு மட்டும் அலை மேலே நிற்கும் அமைப்பில்), 9, 6, 4, 2, 0 என்று வேகமாகத் தேயும் ஒலியளவோடு சேர்த்தோம். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பொருத்தம் உண்டு. முக்கோணத்தில் ஏ1க்கான எண் எதுவோ அதுவே பல்ஸில் ஏ2க்கான எண், இரண்டும் 1016. ஆகவே இரு சேனல்களும் துல்லியமாக ஒரு ஸ்தாயி இடைவெளியில் பூட்டப்படுகின்றன, கொஞ்சமும் விலகுவதில்லை. மேலும் முக்கோண அலையில் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகளே (அடிச் சுருதியின் மடங்குகளாக உடன் ஒலிப்பவை) வலுவாக உள்ளன. ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் பல்ஸின் ஹார்மோனிக்குகள் எல்லாம் அடிச் சுருதிக்கு இரட்டைப்படையில் வந்து விழுகின்றன. ஒன்று விட்ட இடங்களை மற்றது நிரப்புவதால், காது அதை இரண்டு கருவிகளாகப் பிரிக்காமல், பிரகாசமான ஒரே பேஸாக ஏற்றுக்கொள்கிறது.

சிறிய ஸ்பீக்கர்களில் கேட்பவர்களுக்கும் இந்தச் சேர்க்கை உதவுகிறது. முக்கோணத்தின் ஹார்மோனிக்குகள் எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பத் தேய்கின்றன. மூன்றாவதன் வீச்சு அடிச் சுருதியின் வீச்சில் ஒன்பதில் ஒரு பங்கே. 55 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாத கைபேசி ஸ்பீக்கரில் முக்கோணத்தில் மிஞ்சுவது மிகக் குறைவு. பல்ஸின் தொடுகையும் கிக்கின் 220 ஹெர்ட்ஸ் தொடக்கமும் சேர்ந்து, அடிச் சுருதி கேட்காத இடத்திலும் தாளத்தைக் கேட்க வைக்கின்றன.

ஸ்விங்கைக் கடைசியாகவே தொட்டோம். வரிசையின் வேகத்தை மாற்றும் எஃப் கட்டளையால் இரட்டைப்படை வரிசைகளுக்கு 7 டிக்கும் ஒற்றைப்படை வரிசைகளுக்கு 5 டிக்கும் கொடுத்தால், இரண்டு வரிசைகளின் கூட்டுத்தொகை 12ஆகவே இருப்பதால் டெம்போ மாறுவதில்லை. 3ஆம் 11ஆம் வரிசைகளின் ஸ்வரங்கள் மட்டும் ஒரு டிக் தாமதித்து வருகின்றன. 8, 4 என்றும் முயன்றோம். அது முழு மூன்றன்நடையாகிவிடுகிறது, மெட்டு அதற்கு இசையவில்லை. நீளங்கள் இன்ஸ்ட்ருமென்ட்டில் இருந்ததால் எதையும் திருத்தி எழுத வேண்டியிருக்கவில்லை.

முடிவில் ஆவர்த்தனத்தின் 96 டிக்குகள் இப்படி அமைந்தன. டிக் 0இல் கிக்கோடு சேர்ந்த ஏ1 தொடங்கி 14 டிக் ஒலித்து நிற்கிறது. 5 டிக் மௌனத்துக்குப் பிறகு டிக் 19இல் ஏ2 வந்து 4 டிக்கில் மறைகிறது. அதன்பின் 13 டிக் மௌனம், ஆவர்த்தனத்திலேயே மிக நீண்டது அதுதான். ஸ்னேர் இரண்டாம் பீட்டில் தனியாக விழ அது இடம் விடுகிறது. டிக் 36இல் ஏ1 பல்ஸின் துணையோடு 8 டிக் ஒலிக்கிறது. அது டிக் 44இல் நின்றுவிடுவதால், 48இல் வரும் கிக்குக்கு முன்னால் 4 டிக் வெற்றிடம் கிடைக்கிறது. முதல் வரைவில் ஒட்டிக்கொண்டு காணாமல்போன அந்த ஏ1, இங்கே ஆவர்த்தனத்தின் மிகத் தெளிவான ஸ்வரமானது. 67இல் ஈ2 6 டிக், 84இல் ஜி1 10 டிக். மொத்தத்தில் 56 டிக் ஒலி, 40 டிக் மௌனம். முதல் வரைவில் மௌனமே இருக்கவில்லை.

டிபிசிஎம் சேனலில் பேஸ் சாம்பிளை வைத்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. சன்சாஃப்ட் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் தன் சில விளையாட்டுகளில் அப்படிச் செய்தது. அந்த பேஸின் முழக்கம் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அந்தச் சேனலுக்கு 16 வேகங்களே உண்டு. அவை எல்லா ஸ்வரங்களுக்கும் பொருந்தாததால் ஒரே கருவிக்குப் பல சாம்பிள்களைச் சேமிக்க வேண்டும். ஒரு சாம்பிளின் உச்ச அளவு 4081 பைட். மிக உயர்ந்த வேகத்தில் அது ஒரு நொடிக்குக்கூட வராது. கன்சோலின் மிக்ஸர் நேர்விகிதத்தில் இயங்காததால், டிபிசிஎம் மதிப்பு உயரத்தில் நிற்கும்போது முக்கோணமும் நாய்ஸும் மெலிந்துபோகின்றன. நினைவகம் இறுக்கமாக இருந்த இந்த விளையாட்டுக்கு அது பொருந்தவில்லை.

வேறு சிப்புகளில் இதே சிந்தனை வேறு வடிவம் எடுக்கிறது. கேம் பாயின் மூன்றாம் சேனலில் 4-பிட் அளவுள்ள 32 சாம்பிள்களைக் கொண்ட அலை ஒன்றை நாமே வரையலாம்; ஒலியளவுக்கு நிசப்தம், கால், அரை, முழு என நான்கு நிலைகள் உண்டு. யோகான் கோட்லின்ஸ்கி 2000இல் உருவாக்கிய எல்எஸ்டிஜே டிராக்கரில், ஃபில்டர் மெல்லத் திறப்பதுபோல் அலைகளை வரிசையாக அமைத்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் அலைபாயும் பேஸ் கிடைக்கிறது. அங்கே தாளம் இருப்பது அலை மாறும் வேகத்தில். ஒரு பீட்டுக்கு 24 டிக் என்று வைத்துக்கொண்டால், 8 அலைகளை 3 டிக்குக்கு ஒன்றாக ஓட்டும்போது பீட்டுக்கு ஒரு முறை ஃபில்டர் திறக்கிறது. 2 டிக்குக்கு ஒன்றாக மாற்றினால் 16 டிக்கில் ஒரு சுற்று முடிந்து, இரண்டு பீட்டுக்கு மூன்று முறை திறக்கிறது. ஒரே ஒரு எண்ணை மாற்றிக் குறுக்குத் தாளம் ஒன்றைப் பெறலாம் என்பதால், நீண்ட ஒற்றை ஸ்வரத்தில்கூட அசைவு உண்டாகிறது.

பழைய வீட்டுக் கணினிகளில் இருந்த ஏஒய் சிப்பில், ஒலியளவை ஏற்றி இறக்கும் என்வலப்பையே கேட்கும் அளவு வேகத்தில் ஓட்டி உறுமும் பேஸ் எழுப்புவது வழக்கம். ஸ்பெக்ட்ரம் 128 கணினியில் அந்த என்வலப்பின் எண்ணை 126 ஆக வைத்தால் 54.98 ஹெர்ட்ஸ், ஏ1க்கு மிக அருகில். ஏ3க்குப் போகும்போது 31க்கும் 32க்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறோம், முன்னது 223.5, பின்னது 216.5 ஹெர்ட்ஸ், இரண்டுமே அரை ஸ்வரத்தில் கால் பங்குக்கு மேல் விலகியவை. ஆகவே எங்கள் பேஸில் இருந்ததுபோல் மேல் ஸ்தாயிக்குத் தாவும் ஸ்வரங்களை அங்கே சாதாரண சதுர அலைக்கு மாற்றிக் கொடுத்துவிடுவது நல்லது.

ஐரோப்பிய டிவி முறையான பிஏஎல்லுக்குரிய கன்சோலில் எங்கள் கோப்பை ஓட்டியபோது டிக் 20 மில்லிநொடியாகிறது. அதே தொடர்கள் ஐந்தில் ஒரு பங்கு நீள்கின்றன, டெம்போவும் அதே விகிதத்தில் இறங்குகிறது. டெம்போவைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வரிசைக்கு 5 டிக் என்று வைத்தால், ஸ்விங்குக்கு 6, 4 என்ற இணை வருகிறது; ஏ1இன் 8 டிக் 160 மில்லிநொடியாகி, கிக்குக்கு முன்னால் இருந்த மௌனத்தில் ஐந்தில் இரண்டு பங்கைத் தின்றுவிடுகிறது. அதனால் அந்தப் பதிப்புக்காக ஏ1ஐ 7 டிக்காகவும், கிக் இன்ஸ்ட்ருமென்ட்டை 12 டிக்காகவும், ஜி1ஐ 8 டிக்காகவும் குறைத்துத் தனி இன்ஸ்ட்ருமென்ட் தொகுதியாகச் சேமித்தோம். ஏ2ஐ 4 டிக்கிலேயே விட்டுவிட்டோம்; அதன் பின்னால் இருந்த இடைவெளி அந்தக் கூடுதல் நீளத்தைத் தாங்கியது.